அணையாத சிவப்பு விளக்கு

காலை ஒன்பதரை மணிக்குக் கணினியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள் அந்த ஆடிட்டர் அலுவலகத்தில். திரும்பி வந்தாலும் கேபினெட்டில், ஹார்ட் டிஸ்க் வேலையில் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருக்கும். "லேசான ஆன்டிவைரஸ் ஏதாவது சொல்லுங்கள் சார், இது கம்ப்யூட்டரையே தின்கிறது" என்றார் அங்கே கணக்கு எழுதும் அம்மா. கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். செயலியின் (சிபியு) வேலை 20 சதவீதம்கூட இல்லை. ஹார்ட் டிஸ்க்தான் 100 சதவீதத்தில் நின்றது.

ஹார்ட் டிஸ்க் என்பது சுற்றும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். பிறகு வேண்டிய இடம் அதன் கீழே சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை இப்படி நொடிக்கு 80 முறை எடுத்தால் பெரிய விஷயம். பத்தாயிரம் சின்னக் கோப்புகளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். தட்டுக்குப் பதில் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லாததால் இதே வேலை சில நொடிகளில் முடிந்துவிடும்.

ஆன்டிவைரஸ் இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்தாலும், விண்டோஸின் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு வடிகட்டி அதை நிறுத்திப் பார்த்த பிறகே விடும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பட்டியலில் குறித்துக்கொள்வதுபோல, ஒருமுறை பார்த்த கோப்பை நல்ல மென்பொருள் குறித்து வைத்துக்கொள்ளும். அது மாறாதவரை மறுபடி தொடாது. ஆனால் வைரஸ் அடையாளப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டால் பழைய குறிப்பு செல்லாமல் போகலாம். முதல் பெட்டியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். காலையில் கணினியைப் போட்டதும் புதுப்பிப்பு இறங்குகிறது. டீ நேரத்துக் கதை இதுதான்.

லட்சக்கணக்கான அடையாளங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் விடிந்துவிடும். ஆல்பிரட் அஹோவும் மார்கரெட் கோராசிக்கும் 1975-இல் வெளியிட்ட ஒரு முறை இதற்கு உதவுகிறது: எல்லா அடையாளங்களையும் ஒரே கிளைமரமாக நினைவகத்தில் (ரேம்) கட்டிவைத்தால், கோப்பை ஒரே ஓட்டத்தில் படித்து முடிக்கலாம். நேரம் மிச்சம், ஆனால் அந்த மரத்துக்கு ரேம் வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் விண்டோஸும் உலாவியும் எடுத்தது போக என்ன மிஞ்சும்? ரேம் போதாதபோது விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கிறது. பளு மறுபடி அதே தட்டின் தலையில்.

இதைத் தவிர்க்கச் சில நிறுவனங்கள் மரத்தைத் தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்கின்றன. நம் கணினி கோப்பின் கைரேகை போன்ற ஒரு சுருக்க அடையாளத்தை மட்டும் அனுப்பிக் கேட்கிறது. பழைய கணினிக்கு இது உண்மையிலேயே லேசு. இணையம் அடிக்கடி போகும் ஊரில் மட்டும் யோசிக்க வேண்டும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைக் கூடம் ஒவ்வொரு ஆன்டிவைரஸும் இணையம் இல்லாதபோது எவ்வளவு பிடிக்கிறது, இருக்கும்போது எவ்வளவு என்று தனித்தனியாக வெளியிடுகிறது. கணினியை எவ்வளவு மந்தமாக்குகிறது என்றும் தனியாக அளக்கிறது. விளம்பரத்தில் வரும் 'லைட்' என்ற சொல்லைவிட இந்த இரண்டு அட்டவணைகளை நம்புவேன்.

லேசு என்பதற்காகவே ஏமாறவும் வாய்ப்பு உண்டு. கிளாம்வின் என்ற ஆன்டிவைரஸ் இலவசம், கணினியை உறுத்தாது. உறுத்தாததற்குக் காரணம், கோப்பு திறக்கும் நேரத்தில் பார்க்கும் காவலே அதில் இல்லை. நாம் சொன்னால்தான் தேடும். பென் டிரைவ்கள் கைமாறும் அலுவலகத்துக்கு அது மட்டும் போதாது.

விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது. குறித்த நேரத்தில் ஓடும் அதன் சோதனை சராசரியாகச் செயலியின் 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு; அதைக் குறைக்கலாம், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றலாம். வேறொன்று வாங்குவதானால் இலவசச் சோதனைக் காலத்தில் போட்டு, வழக்கமான கணக்குக் கோப்பு திறக்க எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். காவல் விழித்திருக்கிறதா என்றறிய 'எய்கார்' என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பு இருக்கிறது. தீங்கற்றது, ஆனாலும் எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பார்த்துக் கூச்சலிட வேண்டும். கணக்குகள் இருக்கும் ஃபோல்டரைச் சோதனையிலிருந்து விலக்கினால் வேகம் கூடும் என்பார்கள். கூடும்தான், திருடன் ஒளியவும் அதே இடம் கிடைக்கும்.

வாசல் கதவே உடைந்திருந்தால் எந்தக் காவலும் திணறும். 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின.

ஆடிட்டர் அலுவலகத்தில் ஆன்டிவைரஸை நான் மாற்றவில்லை. கன்ட்ரோல் பேனலில் பார்த்தால், யாரோ எப்போதோ போட்டுச் சந்தா முடிந்துபோன இரண்டாவது ஆன்டிவைரஸ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கோப்பை இருவர் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நீக்கி, ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். இப்போது டீக்குப் போவதற்குள் திரை வந்துவிடுகிறதாம். அந்த அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.