உங்கள் 120 கிரெடிட் குறைவல்ல: வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு

கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் போனால் சர்வதேச ஒத்துழைப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அங்கே எழுந்ததில் இந்திய உதவிக்குப் பங்குண்டு. அதே பகுதியில்தான் 2016இல் ஜேர்மன் உதவியுடன் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வவுனியாவில் 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கியது, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகப் பம்பைமடுவில் இயங்குகிறது. யாழ்ப்பாணமும் பேராதனையும் மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, தூய சக்திக்கான நானோ பொருட்கள் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்திருக்கின்றன.

இவ்வளவும் வந்த பிறகும், எங்கள் பிள்ளைகள் வெளிநாட்டு முதுமாணிக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு சின்ன இடத்தில் தடக்குப்படுகிறார்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்டல் செய்வது என் வேலை. "மிஸ், எனக்குக் கிரெடிட் காணாது, நான் போடேல்ல" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டான் பக்கத்து மாணவி ஒருத்தி. நான்கு வருடச் சிறப்புப் பட்டம், நல்ல பெறுபேறு. ஐரோப்பியக் கற்கைநெறி ஒன்று 180 கிரெடிட் கேட்டது. அவளுடைய பெறுபேற்றுத் தாளின் அடியில் இருந்த கூட்டுத்தொகை 120. இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, விண்ணப்பப் படிவத்தையே மூடிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு இலக்கங்களும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பட்டங்களையும் சான்றிதழ்களையும் மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு 2012இல் வந்தது, 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை மட்டுமல்ல, செய்முறை, வீட்டில் படிப்பது, ஒப்படை, பரீட்சைக்கு ஆயத்தம் எல்லாம் அதற்குள் அடங்கும். முழுநேர ஆண்டொன்றுக்கு 30 கிரெடிட், அதாவது 1500 மணித்தியாலம். ஐரோப்பாவில் 1999இல் 29 நாடுகள் பொலோஞ்ஞா நகரில் கைச்சாத்திட்ட சீர்திருத்தத்துக்குப் பிறகு பரவலான முறையில், முழுநேர ஆண்டொன்றுக்கு 60 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணித்தியாலம்.

இப்போது அந்தப் பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 120ஐ 50ஆல் பெருக்கினால் 6000 மணித்தியாலம். 25ஆல் பிரித்தால் 240 ஐரோப்பியக் கிரெடிட். கடுமையாக 30ஆல் பிரித்தாலும் 200. கேட்டது 180தான். நாங்கள் இருவரும் மேசையில் இருந்து இதைக் கணக்கிட்டபோது, அவள் கல்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்துத் திரும்பவும் ஒருமுறை அடித்துப் பார்த்தாள்.

மூன்று வருடப் பொதுப் பட்டம் முடித்தவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் 90 கிரெடிட் 4500 மணித்தியாலம். 25ஆல் பிரித்தால் சரியாக 180 வரும், 30ஆல் பிரித்தால் 150தான். எந்தக் கணக்கில் பார்க்கிறார்கள், அல்லது மூன்று முழுநேர ஆண்டு என்றே எடுத்துக்கொள்கிறார்களா என்பதை விண்ணப்பிக்க முன்னர் அந்தக் கற்கைநெறியின் இணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

சரி, கணக்கு எங்களுக்கு விளங்கினால் போதுமா? போதாது. அங்கே கோப்பைத் திறக்கிற அலுவலருக்கு விளங்க வேண்டும். ஆகவே உங்கள் பல்கலைக்கழகப் பதிவாளர் பகுதியில் எழுத்து மூலம் ஒரு கடிதம் கேளுங்கள். உங்கள் பட்டம் கட்டமைப்பின் எத்தனையாவது மட்டம், ஒரு கிரெடிட் எத்தனை மணித்தியாலம், ஆண்டுக்கு எத்தனை கிரெடிட், தரப்புள்ளி 4.00இல் எத்தனைக்கு எந்த வகுப்பு என்பவை அதில் இருக்க வேண்டும். பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். கூடவே ஆங்கில மொழிமூலத்தில் படித்ததற்கான கடிதமும், படித்த பாடங்களின் உள்ளடக்க விவரமும் எடுத்து வையுங்கள். நீங்கள் பழைய பாடத்திட்டத்தில் படித்திருந்தால் 50 மணித்தியாலக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். பீடத்தில் கேட்டுத்தான் எழுதுவிக்க வேண்டும்.

உண்மையில் இதை ஒவ்வொரு பிள்ளையும் அலைந்து திரிந்து வாங்கவேண்டிய அவசியமே இருக்கக்கூடாது. பெறுபேற்றுத் தாளின் பின்பக்கத்தில் பத்து வரியில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பட்டத்தோடு ஒரு விளக்க இணைப்பையே சேர்த்துக் கொடுக்கின்றன. சீர்திருத்தம் என்று இத்தனை ஆண்டுகளாகத் தர உறுதிப்பாட்டு அறிக்கைகள் எழுதுகிறோம், உலக வங்கிக் கடனில் திட்டங்கள் நடத்தியிருக்கிறோம். அந்த உழைப்பின் பலன் பிள்ளையின் கைக்கு வருவது இந்தப் பத்து வரியில்தான். துணைவேந்தர்களும் பரீட்சைப் பகுதிகளும் இதை ஒரே தவணையில் செய்து முடிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு தவணை மட்டும் வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் பரிமாற்றத் திட்டங்களுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போக முன்னர் கற்றல் ஒப்பந்தம் ஒன்றில் மூன்று தரப்பும் கையொப்பம் இடவேண்டும்: நீங்கள், உங்கள் பல்கலைக்கழகம், அவர்களின் பல்கலைக்கழகம். அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்பது அதில் இருக்கும். அது இல்லாமல் போய்வந்தால், படித்ததையே இங்கே திரும்பப் படிக்க வேண்டி வரலாம். விமானச்சீட்டை விட முக்கியமான தாள் அது.

வெட்டுப்புள்ளி காணாமல் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமையின் ஐந்தாம் மட்டம் தகைமைகள் கட்டமைப்பின் மூன்றாம் மட்டத்துக்கும், ஆறு நான்குக்கும், ஏழு ஐந்துக்கும் சமம். அதாவது என்.வி.கியூ. ஏழு என்பது பொதுப் பட்டத்தின் மட்டம். அறிவியல் நகரில் தொழில்நுட்பம் படிக்கும் தம்பிக்கு இரத்மலானையில் உள்ள தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (UNIVOTEC) கதவு திறந்திருக்கிறது. 2008இல் வந்த சட்டத்தின்படி அது முக்கியமாக என்.வி.கியூ. வழியில் வருகிறவர்களுக்காக அமைந்தது. "கம்பஸ் கிடைக்கேல்ல, கொத்துவேலைக்குத்தான் போகப்போறன்" என்று சொல்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை யாராவது வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

இனி, வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்புவதாகச் சொல்லும் ஏஜென்சிகள். காலபோக நெல் விற்ற கையோடு, அல்லது சுவிஸில் இருக்கிற சித்தப்பா காசு அனுப்பிய கையோடு, ஒரு பெயர்ப்பலகையை நம்பிக் காசைக் கட்டிவிடுகிறார்கள். ஒரு அப்பா பொலித்தீன் பையில் பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். பல்கலைக்கழகத்தின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை, "பதிவுக் கட்டணம்" என்று மட்டும் இருந்தது. காசு கொடுக்க முன்னர் பார்க்க வேண்டியது இதுதான். அந்தப் பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் உலகத் தரவுத்தளத்தில், அல்லது பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். முதலாவதை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்க இந்தப் பட்டியல்களைத்தான் பார்க்கிறது. உள்நாட்டுத் தனியார் நிறுவனம் தானே பட்டம் தருவதாகச் சொன்னால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். நிறுவனத்துக்கு அல்ல, அந்தப் பட்டத்துக்கு.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி மன்னாரிலும் முல்லைத்தீவிலும் குடியேறியவர்களில், அங்கேயே பட்டம் முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஆணைக்குழுவிடம் அங்கீகாரக் கடிதம் கேட்கலாம். மதிப்பெண் பட்டியல்களின் மூலப்பிரதி ஒன்றையும் எறிந்துவிட வேண்டாம்.

"ஜேர்மனியில் படிப்பு இலவசம்" என்று சொல்கிறவர்கள் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் மாணவர் விசாவுக்கு, முதல் ஆண்டு வாழ்க்கைச் செலவாக மாதாமாதம் ஒரு அளவுதான் எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காசு காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆகியது. இந்த வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணி. புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1400 யூரோ, ஆகக் கூடியது 24 மாதம் வரை. போட்டி கடுமைதான், ஆனால் விண்ணப்பிக்கக் காசு தேவையில்லை.

இதற்கான அழைப்புகள் பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை திறந்திருக்கும். அநேகமான கற்கைநெறிகள் இறுதி ஆண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்க விடுகின்றன, பட்டம் முடிகிற காலத்தைப் பல்கலைக்கழகம் உறுதிப்படுத்தினால் போதும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள் மூன்றிலும் ஆங்கிலத்தில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, பிழை இருந்தால் திருத்திய பிறகே கடவுச்சீட்டுக்குக் கொடுங்கள். கடவுச்சீட்டு அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது. 2009இல் எல்லாவற்றையும் தொலைத்து, பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இந்தத் திருத்தம் மாதக்கணக்கில் இழுபடும். மூன்றாம் வருடத்தின் தொடக்கத்திலேயே கோப்பைத் திறந்துவிடுங்கள். உங்கள் கம்பஸில் உள்ள தொழில் வழிகாட்டல் பிரிவுக்கு அதோடு வந்தால், கடிதங்களை எழுதுவிக்கும் வேலையை நாங்கள் சேர்ந்தே செய்யலாம்.