மெடிக்கல் எக்ஸாமினர்: பிணம் அறுக்காத டாக்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

"ஏல, அப்போ நீ பொணம் அறுக்கிற டாக்டராவா ஆயிட்ட?"

திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா போனில் கேட்டது இது. இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் முதியோர் நல மருத்துவராக இருக்கிறேன், அதோடு வாரத்தில் ஒரு நாள் மட்டும் மெடிக்கல் எக்ஸாமினர் வேலையும் பார்க்கிறேன் என்று சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி. இல்லை சித்தப்பா, நான் கத்தியே எடுப்பதில்லை, இறந்தவருடைய கேஸ் ஷீட்டைப் படிப்பேன், வைத்தியம் பார்த்த டாக்டரிடம் பேசுவேன், வீட்டுக்காரர்களுக்குப் போன் போடுவேன், அவ்வளவுதான் என்றேன். "அதுக்கு எதுக்குல டாக்டரு, ஒரு கிளார்க்கு போதுமே" என்றுவிட்டார்.

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது, குழப்பம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அமெரிக்கத் தொடர்களில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பிணவறையில் நிற்பவருக்கும் மெடிக்கல் எக்ஸாமினர் என்றுதான் பெயர். அங்கே அது பெரும்பாலும் சட்ட மருத்துவ நிபுணரின் பதவி. சந்தேக மரணம், கொலை, தற்கொலை, விபத்து எல்லாம் அவரிடம் போகும், உடலைத் திறந்து பார்ப்பதும் அவர் வேலை. 1877-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கொரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) பதவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டாக்டர்களை உட்கார வைத்தபோது வந்த பெயர் அது.

நம் ஊரிலோ அதே பெயருக்கு நேர் எதிரான ஒரு பொருள் உண்டு. எல்ஐசி பாலிசி எடுக்கும்போது எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, ரகசிய அறிக்கை எழுதி அனுப்பும் டாக்டர் இருக்கிறாரே, அந்தப் படிவத்தில் அவருக்கும் மெடிக்கல் எக்ஸாமினர் என்றுதான் போட்டிருக்கும். ஒருவர் நாம் பிரீமியம் கட்டத் தொடங்கும் முன் வருகிறார், இன்னொருவர் கட்டி முடித்த பிறகு.

அதனால்தான் "மருத்துவப் பரிசோதகர்" என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. தமிழில் மருத்துவப் பரிசோதனை என்றால் உயிரோடு இருப்பவருக்குச் செய்வது. வெறும் வயிற்றில் வரச் சொல்வார்களே, அது. இறந்தவருக்குச் செய்வதற்குப் பிரேதப் பரிசோதனை என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது, உடற்கூறாய்வு என்றும் எழுதுகிறோம். இங்கிலாந்து எக்ஸாமினர் இந்த இரண்டில் எதையும் செய்வதில்லை.

சரி, அப்படியானால் என்னதான் செய்கிறார்? ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். 84 வயதுப் பாட்டி ஒருவர் வார்டில் இறந்துவிட்டார். வைத்தியம் பார்த்த டாக்டர் இறப்புக்கான காரணச் சான்றில் முதல் வரியில் நிமோனியா என்று எழுதி, இரண்டாம் பகுதியில் சர்க்கரை, மறதி நோய் என்று சேர்த்திருக்கிறார். பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மகளைப் போனில் கூப்பிட்டு, அம்மாவுக்கு நடந்த வைத்தியத்தில் ஏதாவது மனக்குறை உண்டா என்று கேட்டால், "அதெல்லாம் நல்லாத்தான் பார்த்தாங்க, ஆனா பாத்ரூம்ல விழுந்ததுலேருந்து அம்மா எழுந்து நடக்கவே இல்லை" என்கிறார். எப்போது விழுந்தார்? மூன்று வாரத்துக்கு முன்னால். நோட்ஸைப் பின்னோக்கிப் புரட்டினால் இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன், அப்புறம் படுக்கை, படுக்கையிலேயே கிடந்ததால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா. எழுதிய காரணம் சரிதான், ஆனால் கதை பாதியில் தொடங்குகிறது. விழுந்ததில்தான் எல்லாம் ஆரம்பம் என்றால் அது இயற்கை மரணக் கணக்கில் வராது, கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த வேலையில் மூன்றே கேள்விகள். இவர் எதனால் இறந்தார்? கொரோனருக்குச் சொல்ல வேண்டியதா? வைத்தியத்தில் பிசகு நடந்திருக்குமோ? மூன்றாவதுதான் கஷ்டமானது, ஏனென்றால் நாம் கேள்வி கேட்பது நாளைக்கு கேன்டீனில் பக்கத்தில் உட்காரப்போகும் டாக்டரைப் பற்றி. அதனால் நான் வைத்தியம் பார்த்த நோயாளியின் சான்றை நானே பார்க்கக் கூடாது என்பது விதி.

இந்த விதிகளுக்குப் பின்னால் ஹைட் என்ற ஊர் இருக்கிறது. மான்செஸ்டர் பக்கம். அங்கே ஹரால்ட் ஷிப்மன் என்ற குடும்ப டாக்டர் 15 நோயாளிகளைக் கொன்றதாக 2000 ஜனவரியில் தண்டனை பெற்றார். பிறகு நீதிபதி ஜேனட் ஸ்மித் நடத்திய விசாரணை 215 பேரை அவர் கொன்றதாக 2002-ல் கண்டறிந்தது. நல்ல டாக்டர் என்று ஊரே கொண்டாடிய ஆள். அத்தனை வருடம் எப்படி மறைந்தது என்றால், ஊசி போட்டதும் அவரே, சான்று எழுதியதும் அவரே. எரியூட்டுவதாக இருந்தால் இன்னொரு டாக்டரும் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி அப்போதும் இருந்தது, போட்டும் கொடுத்தார்கள். அந்தப் படிவங்களுக்குக் கிடைக்கும் கட்டணத்துக்கு டாக்டர்கள் தங்களுக்குள் வைத்திருந்த பட்டப்பெயர் "ஆஷ் கேஷ்", நம் பாஷையில் சாம்பல் காசு. பெயரே சொல்லிவிடுகிறதே, எவ்வளவு அக்கறையோடு கையெழுத்து விழுந்திருக்கும் என்று.

2009-ல் எக்ஸாமினர் பதவிக்கான சட்டம் வந்தது. 2019-ல் ஆஸ்பத்திரிகளில் மெல்லத் தொடங்கினார்கள். 2024 செப்டம்பர் 9 முதல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டாயம்: எந்த மரணமாக இருந்தாலும் ஒன்று கொரோனர் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸாமினர் பார்த்திருக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் பதிவு. சாம்பல் காசுப் படிவங்களில் மிச்சம் இருந்ததையும் அன்றோடு ஒழித்துவிட்டார்கள். சட்டத்துக்கும் அமலுக்கும் நடுவே 15 வருடம், அரசாங்கம் என்றால் எல்லா ஊரிலும் அரசாங்கம்தான்.

எக்ஸாமினர் வேலையைப் பகுதிநேரமாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வார்டில் கை வைத்து வைத்தியம் பார்ப்பவருக்குத்தான் நோட்ஸில் எது எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். முழுநேரமும் சான்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மூக்கு மழுங்கிவிடும் என்பது என் கட்சி.

இப்போது சொல்லுக்கு வருவோம். கொரோனர் என்பதற்குள் இருப்பது கிரீடம். லத்தீனில் கொரோனா என்றால் மணிமுடி. 1194-ல் இங்கிலாந்து அரசரின் வழக்குகளையும் வருமானத்தையும் காக்க ஏற்பட்ட பதவி, பிணம் பார்ப்பது அதில் ஒரு பகுதியாக வந்து கடைசியில் அதுவே பெரும்பகுதியாகிவிட்டது. இலங்கைத் தமிழர்கள் இதற்கு "மரண விசாரணை அதிகாரி" என்று அழகாக எழுதுகிறார்கள், திடீர் மரண விசாரணை அதிகாரி என்றும் சொல்வார்கள். ஆனால் அதை எக்ஸாமினருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. விசாரணை அவருடைய அதிகாரம் இல்லை, விசாரணை வேண்டுமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

எக்ஸாமின் என்ற சொல்லின் வேர் எனக்கு ரொம்பப் பிடித்தது. லத்தீனில் எக்ஸாமென் என்றால் தராசின் நடுமுள், அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்கு எடைபோட்டுப் பார்த்தல் என்று பொருள். பள்ளிக்கூடத்துப் பரீட்சை எல்லாம் பின்னால் வந்தது. தராசு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? "சமன்செய்து சீர்தூக்குங் கோல்", 118-ஆவது குறள், நடுவு நிலைமை அதிகாரம். அந்தச் "சீர்" இன்றைய சட்டத் தமிழிலும் உட்கார்ந்திருக்கிறது: தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லிப் போடுவது சீராய்வு மனு. ஒருவர் முடிவு எழுதிய பிறகு, இன்னொருவர் அதை எந்தப் பக்கமும் சாயாமல் எடுத்துப் பார்ப்பது. நான் செய்வது அச்சு அசல் அதுதான். ஸ்காட்லாந்தில் 2015 முதல் இதேபோன்ற வேலையைச் செய்பவர்களுக்கு, அங்கே சான்றுகளில் சிலவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துப் பார்க்கிறார்கள், மெடிக்கல் ரிவ்யூவர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்திலேயே எக்ஸாமினரைவிட அது தெளிவு.

ஆகவே என் பரிந்துரை: இங்கிலாந்துப் பதவிக்கு "இறப்புச் சீராய்வு மருத்துவர்". அமெரிக்கப் பதவிக்குச் "சட்ட மருத்துவ அதிகாரி". எல்ஐசிக்கு வருபவர் பாவம், அவரே மருத்துவப் பரிசோதகராக இருந்துவிட்டுப் போகட்டும். சீராய்வர் என்று சுருக்கலாம், ஆனால் இறப்பு என்ற சொல்லை விட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் இந்தப் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சீராய்வா? அப்போ கோர்ட்டு வேலையால?"