கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்பது மட்டும் போதாது

கடந்த வாரம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அடுத்தடுத்த நாட்களில் என்னிடம் வந்தனர். முதல் நாள் இரண்டு வயதுக் குழந்தை, மறுநாள் அதன் தாய், அதற்கும் மறுநாள் பாட்டி. குழந்தைக்கு நோய் தொடங்கிய அன்று காலையில் வெளியிலிருந்து வாங்கிவந்த உணவே காரணம் என்று வீட்டார் உறுதியாகச் சொன்னார்கள். பாட்டியோ அந்த உணவைத் தொடவே இல்லை. குழந்தையின் மலம் பட்ட துணிகளை அலசியவர் அவர்தான். குழந்தை போகும் பகல்நேரக் காப்பகத்தில் இரண்டு நாட்களுக்கு முன்பு வேறொரு குழந்தை வாந்தி எடுத்ததையும் நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

வயிறு கெட்டவுடன் கடைசி வேளை உணவைக் குற்றவாளியாக்கும் இந்தப் பழக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்துவிட்டேன். சில நோய்களில் அது உண்மைதான். ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி உணவிலேயே பெருகி நச்சை உருவாக்கி வைத்துவிடுவதால், சாப்பிட்ட அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். அந்த நச்சு வெப்பத்தைத் தாங்குவதால், மீண்டும் சூடாக்கினாலும் அவ்வுணவு பாதுகாப்பானதாக ஆகிவிடாது. ஆனால் பெரும்பாலான கிருமிகள் உடலுக்குள் புகுந்து, குடலில் பெருகிய பிறகே தம்மைக் காட்டிக்கொள்கின்றன. நோரோ வைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம் ஆகும். கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 நாட்கள். டைஃபாய்டு வெளிப்பட வாரக்கணக்கில் ஆகலாம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமியோ சராசரியாக 28 நாட்கள் எடுத்துக்கொள்ளும். இன்று காலை சாப்பிட்டதைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது, உண்மையான காரணம் முந்தாநாள் பிடித்த ஒரு கையிலோ போன வாரம் குடித்த தண்ணீரிலோ இருந்திருக்கலாம். அதனால்தான் நோயாளியிடம் குறைந்தது மூன்று நாட்களின் உணவையும், வீட்டில் வேறு யாருக்கு வயிறு சரியில்லை என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

இந்தத் தவறான எண்ணத்தால் விளையும் கேடு பெரிது. உணவைக் குப்பையில் கொட்டியதோடு ஆபத்து நீங்கிவிட்டதாக வீட்டார் நம்பிவிடுகிறார்கள். அதே துண்டு, அதே குழாய்த் திருகு, அதே கைகள் தொடர்ந்து புழங்குகின்றன. ஷிகெல்லாக் கிருமி நூற்றுக்கும் குறைவாக உள்ளே போனாலே சீதபேதியை உண்டாக்கிவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் விரல் நுனிக்கு அந்த எண்ணிக்கை ஒரு பொருட்டே அல்ல. நோரோ வைரஸ் பாதித்தவர் குணமான பின்னும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் கிருமியை வெளியேற்றக்கூடும் என்பதால், வயிறு சரியானவுடன் எச்சரிக்கையைக் கைவிட முடியாது.

ஆகவே கழிப்பறை சென்ற பின்னும், குழந்தையைச் சுத்தம் செய்த பின்னும், சமைப்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்பும் சோப்புப் போட்டு இருபது விநாடியாவது கை கழுவுங்கள். நோரோ வைரஸை ஆல்கஹால் சானிடைசர் சரிவர அழிப்பதில்லை. சோப்புக்கு அதை மாற்றாக்காதீர்கள். வயிற்றுப்போக்கு உள்ளவர் சமைக்கக் கூடாது, நின்ற பிறகும் இரண்டு நாட்கள் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பச்சை இறைச்சி நறுக்கிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று அரை நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள். என்னிடம் வந்தபோது கண்கள் குழி விழுந்து, அழுதும் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே திரும்பியது. பேதியில் பெரும்பாலும் நீர் இழப்பால்தான் குழந்தைகள் இறக்கிறார்கள். ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் கரைத்து, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஒவ்வொரு கரண்டியாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மருந்துக் கடையில் பேதியைக் கட்டும் மாத்திரையை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், குழந்தை துவண்டு எதையும் குடிக்க மறுத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கி வாருங்கள்.