தமனித் தடிப்பும் ஐந்து சரக்கு உருண்டையும்

கம்போ என்பது ஜப்பானின் மரபு மூலிகை மருத்துவம். கம்போ மருத்துவர் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நீட்டச் சொல்லி, தொப்புளை ஒட்டிச் சற்றுக் கீழே விரல்களால் அழுத்துவார். உள்ளே தடையும் வலியும் தென்பட்டு, உதடும் ஈறும் கருத்து, நாக்கின் அடியில் சிரைகள் புடைத்திருந்தால் அது ‘ஒகெட்சு’, அதாவது தேங்கிய இரத்தம். சீன மரபு நாடிக்கு முதலிடம் தர, 18ஆம் நூற்றாண்டு ஜப்பானியரான யோஷிமாசு தோதோ வயிற்றையே நம்பினார்.

ஒகெட்சுவும் தமனித் தடிப்பும் ஒன்றல்ல. தமனியின் உள்படலம் பழுதாகும்போது எல்டிஎல் என்ற ‘கெட்ட’ கொழுப்பு சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதை விழுங்கும் வெள்ளணுக்கள் நுரைச் செல்களாக உப்பிப்போய் அங்கேயே தங்கிவிடுகின்றன. மேலே மூடியிருக்கும் நார்ப்படலம் கிழிந்தால் இரத்தம் உறைந்து குழாய் அடைபடும். வயிற்றை அழுத்தி இதைக் கண்டறிய முடியாது. ஆனால் ஒகெட்சுவுக்குக் கொடுக்கும் மருந்து இந்தச் சங்கிலியின் சில கண்ணிகளைத் தொடுகிறதா என்பது நியாயமான கேள்வி.

ஒகெட்சு மருந்துகளில் அதிகம் ஆராயப்பட்டது கெய்ஷிபுக்குர்யோகன். இலவங்கப்பட்டை, பியோனி வேர், மரப்பியோனியின் வேர்ப்பட்டை, பீச் பருப்பு, பைன் வேரில் வளரும் புக்குர்யோ என்ற பூஞ்சை என ஐந்தும் சம அளவு. ‘கன்’ என்றால் உருண்டை: பொடித்துத் தேனில் பிசைந்து உருட்டுவதே பழைய முறை. கஷாயமாகக் காய்ச்சினால் பட்டையின் மணம்தரும் எண்ணெய் ஆவியோடு போய்விடும். உருண்டையில் அது தங்கும். காய்ச்சத்தான் வேண்டுமென்றால் ஒரு நாளைக்கான சரக்கை 600 மி.லி. தண்ணீரில் சிறுதீயில் பாதியாகச் சுண்டவைத்து, சூடாகவே வடிகட்ட வேண்டும். மண் சட்டியோ கண்ணாடியோ போதும். இரும்புச் சட்டி ஆகாது, சரக்கின் துவர்ப்புப் பொருள் இரும்போடு வினைபுரிந்து கருக்கும். இன்று பெரும்பாலோர் குருணையே வாங்குகிறார்கள். ஒரு தயாரிப்பில் ஒவ்வொரு சரக்கும் 3 கிராம் சேர்த்து எடுத்த 1.75 கிராம் உலர்சாறு, 7.5 கிராம் குருணையில் இருக்கும். ஒரு நாளைக்கான அந்த அளவைப் பிரித்து, உணவுக்கு முன்போ உணவுகளுக்கு இடையிலோ வெந்நீரில் கரைத்துக் குடிப்பார்கள்.

கொலஸ்டிரால் ஊட்டிய முயல்களில் இந்தக் கலவை தமனிப் படிவைக் குறைத்தது. மரப்பியோனியிலுள்ள பியோனால் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கிறது. மனிதர்களிடம் உள்படலத்தின் செயல்பாடு மேம்பட்டதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. மாரடைப்பு குறைகிறது என்று அதிலிருந்து தாவ முடியாது. கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டினையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்திவிட்டு இதை எடுப்பது தவறு. கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. பீச் பருப்பும் மரப்பியோனியும் கருச்சிதைவுக்கு இடமளிக்கலாம்.

ஜப்பானின் பொதுக் காப்பீட்டில் 148 கம்போ கலவைகள் இருக்கின்றன. பலவற்றில் அதிமதுரம் உண்டு. இந்த உருண்டையில் அது இல்லாதது தமனி நோயாளிக்கு நல்லது. அதிமதுரத்தின் கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதனால் உப்பு உடலில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், இரத்த அழுத்தம் ஏறும். தொப்பைக்கென்று பலர் கடையில் வாங்கும் போஃபுட்சுஷோசானில் 18 சரக்குகள். ஒரு நாள் அளவில் அதிமதுரம் மட்டும் 2 கிராம். கூடவே இதயத்தை விரைவுபடுத்தும் எபெட்ரா என்ற மூலிகை. சளிக்கு இன்னொரு கம்போ சேர்ந்தால் அதிமதுரம் இரட்டிப்பாகும். கால் சோர்வு, வீக்கம், தசைப்பிடிப்பு வந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்க்க வேண்டும்.

போஃபுட்சுஷோசானில் கார்டீனியா காயும் இருக்கிறது. ஜப்பானியர் புத்தாண்டுக்குச் செய்யும் இனிப்புக் கஷ்கொட்டைக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இந்தக் காய்தான், சமையலில் கவலையில்லை. மருந்தாக ஆண்டுக்கணக்கில், பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எடுப்பவர்களிடம்தான் சிக்கல். குடல் பாக்டீரியாக்கள் இதன் ஜெனிபோசைடை ஜெனிபினாக உடைக்கின்றன. அது புரதத்தோடு சேர்ந்து நீலநிறமாகும். பெருங்குடலின் வலப்பக்கச் சிரைகள் நார்த்தடித்துச் சுண்ணாம்பேறும். தொப்பையைக் குறைக்க எடுத்த மருந்தே குடலின் சிரையை இறுக்கிவிடுகிறது! வயிற்றுவலியோ பேதியோ மலச்சிக்கலோ திரும்பத் திரும்ப வந்தால் குடல்நோக்கிச் சோதனை செய்ய வேண்டும். உட்சுவர் கருநீலமாகத் தெரிந்தால் முதல் வேலை மருந்தை நிறுத்துவது.