‘கொலாப்’ என்றால் விளம்பரம்

கொலாப்: பெயர்ச்சொல். ‘கொலாபரேஷன்’ என்பதன் குறுக்கம். ஒரு நிறுவனத்திடமிருந்து பணமோ பொருளோ வேறு ஆதாயமோ பெற்றுக்கொண்டு, அந்த நிறுவனத்தின் சரக்கைப் பற்றிச் சமூக ஊடகத்தில் ஒருவர் வெளியிடும் படம், காணொளி அல்லது பதிவு. பணம் வாங்கினால் ‘பெய்டு கொலாப்’, பொருளாக வாங்கினால் ‘பார்ட்டர் கொலாப்’ என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் பேச்சு.

சேலம் மாவட்டத்தில் விற்பனைக்கு உரிய எல்லாவற்றையும் இன்று இந்தச் சொல் தொட்டுவிட்டது. இளம்பிள்ளைச் சேலை, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு, சாலையோரத் தட்டுவடை செட், ஏற்காட்டுத் தங்கும் விடுதி, சேர்வராயன் மலைக் காபித்தூள் என ஒவ்வொன்றுக்கும் காணொளிகள் இருக்கின்றன. பேசுபவர் தமிழில்தான் பேசுகிறார். நம் வீட்டுப் பிள்ளை போலப் பேசுகிறார். சேலையின் முந்தியை விரித்துக் காட்டுகிறார், விலை சொல்கிறார், “நானே கட்டிப் பார்த்தேன்” என்கிறார். ஓரத்தில் மட்டும் ஆங்கில எழுத்தில் சிறியதாக ஒரு சொல் நிற்கிறது. அந்தச் சொல்தான் ‘கொலாப்’.

அம்மாப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, அப்படி ஒரு காணொளியைப் பார்த்து இரண்டு சேலைகளுக்குப் பணம் அனுப்பியிருந்தார். பார்சல் வந்த பிறகு என்னிடம் கேட்டார்: “ஏன் கண்ணு, கொலாப் என்பது புதிதாக வந்த ரகமா? சாஃப்ட் சில்க் போல ஏதோ ஒன்று என்றல்லவா நினைத்தேன்?” அவர் தறி ஓடும் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். நூலைத் தொட்டால் ரகம் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கே புரியாத சொல்லால், ‘இது காசு வாங்கிக்கொண்டு சொன்னது’ என்ற செய்தி சொல்லப்பட்டிருக்கிறது. அதைச் சொன்னதாக எப்படிக் கணக்கு வைப்பது?

சொல்லின் பிறப்பு லத்தீனில். ‘கொம்’ என்றால் சேர்ந்து. ‘லபொராரே’ என்றால் உழைத்தல். லேபர், லேபரட்டரி ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, இருவர் சேர்ந்து ஒரு நூலையோ ஆய்வையோ உருவாக்குவதை அது குறித்தது. மதிப்பான சொல்லாகவே நடமாடியது.

1940இல் அந்தச் சொல்லின் மீது கறை படிந்தது. ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சின் தலைவர் பெத்தேன், அக்டோபர் 24ஆம் நாள் மோந்துவார் என்ற ஊரில் ஹிட்லரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். ஒரு வாரத்துக்குள் வானொலியில், தாம் ‘கொலாபொராசியோன்’ பாதையில் அடியெடுத்து வைப்பதாக நாட்டு மக்களுக்கு அறிவித்தார். அதன் பிறகு அந்தச் சொல்லுக்கு எதிரியோடு கைகோத்தல் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. போர் முடிந்ததும் ‘கொலாபோ’ என்பது பிரெஞ்சில் வசைச்சொல்லாகவே ஆனது.

கறையை மெல்ல வெளுத்தவை இசையும் ஆடைத் தொழிலும். இரண்டு பாடகர்கள் ஒரு பாட்டில் சேர்ந்தால் ‘கொலாப்’. 2004இல் ஆடை வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட், எச் அண்ட் எம் நிறுவனத்துக்காக உடைகள் வடிவமைத்தபோது அதுவும் ‘கொலாப்’. இந்த இரண்டிலும் இரு தரப்பும் ஏதோ ஒன்றைச் சேர்ந்து உருவாக்கினார்கள், ஆகையால் சொல் பொருந்தியது. சமூக ஊடகத்துக்கு வந்தபோதுதான் உழைப்பு கழன்று விழுந்து பணம் மட்டும் மிஞ்சியது. இன்ஸ்டாகிராம் 2017இல் ‘பெய்டு பார்ட்னர்ஷிப்’ என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது. அது பணத்தை வெளிப்படையாகச் சொல்வது. 2021இல் இரண்டு கணக்குகள் ஒரே பதிவைப் பகிர்ந்து வெளியிடும் வசதிக்கு ‘கொலாப்ஸ்’ என்று பெயர் வைத்தது. அதற்கும் பணத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஆக, ஒரே செயலியில் ஒரே சொல் நட்பையும் குறிக்கிறது, கூலியையும் குறிக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? கூட்டு முயற்சி, கூட்டிணைவு, ஒத்துழைப்பு என்று மூன்றும் புழங்குகின்றன. அகராதிப்படி மூன்றும் சரி. ஆனால் ஒன்றில்கூடப் பணத்தின் வாடை இல்லை. ஒத்துழைப்பு என்பதை இந்த இடத்தில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, ஒத்துழையாமை இயக்கத்துக்காக நல்ல வருமானம் தந்த வழக்கறிஞர் தொழிலையே விட்டார். ஒத்துழைப்பதும் மறுப்பதும் மனச்சான்றின் முடிவு என்று நம் பாட்டன்மார் வாழ்ந்து காட்டிய சொல் அது. முகப்பூச்சு நிறுவனம் அனுப்பிய பெட்டியின் மேல் அதை ஒட்டக்கூடாது.

‘ஒத்து’ என்ற அதன் முதற்பகுதி மட்டும் பொருந்தி வருகிறது. நாதஸ்வரத்துக்குத் துணையாக ஒரே சுருதியை நிறுத்தி ஊதும் குழலுக்கு ஒத்து என்று பெயர். சுருதிப்பெட்டி வந்த பிறகு அதைக் கச்சேரியில் பார்ப்பது அரிதாகிவிட்டது. மற்றவர் சொல்வதையே திருப்பிச் சொல்பவரை ‘ஒத்து ஊதுகிறார்’ என்கிறோம். நிறுவனம் எழுதிக் கொடுத்த வரிகளைத் தன் அனுபவம் போலப் பேசுவதற்குத் தமிழில் இதைவிடக் கச்சிதமான தொடர் கிடையாது. ஆனால் இது கண்டிப்பதற்கு உதவும். அடையாளப் பட்டையில் அச்சிட உதவாது.

பட்டைக்கு உரிய சொல் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது: விளம்பரம். விளம்புதல் என்ற வினையோடு உறவுடைய சொல் இது. விளம்புதல் என்றால் சொல்லுதல், வெளிப்படுத்துதல். குமரி மாவட்டத்திலும் மலையாளத்திலும் உணவு பரிமாறுவதற்கும் அதே வினைதான். 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் அரசர் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்ட அரசாணையை மலையாளிகள் ‘க்ஷேத்ரப்ரவேசன விளம்பரம்’ என்கிறார்கள். ஊரறிய அறிவிப்பது என்ற பழைய பொருள் அங்கே அப்படியே நிற்கிறது. வணிக விளம்பரத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘பரஸ்யம்’. ரகசியத்துக்கு நேர் எதிர்ச்சொல். அக்கம்பக்கமாக வாழும் இரண்டு மொழிகளும் இந்தத் தொழிலுக்குப் பெயர் வைத்தபோது ஒளிவுமறைவின்மையையே பெயராக வைத்திருக்கின்றன. நம் செய்தித்தாள்களும் காசு வாங்கி வெளியிடும் கட்டுரையின் தலையிலோ காலிலோ ‘விளம்பரம்’ என்றே அச்சிடுகின்றன. வாசகர் ஒருவருக்கும் அதில் ஐயம் வந்ததில்லை.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அதைப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கத் தடை விதிக்கலாம். அடுத்த முறை மூன்றாண்டு வரை. சொல்லுமுன் உரிய கவனத்தோடு சரிபார்த்திருந்தால் அவருக்குப் பொறுப்பில்லை. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை, சமூக ஊடகத்தில் பரிந்துரைப்பவர்களுக்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. நிறுவனத்துக்கும் பேசுபவருக்கும் உள்ள ஆதாயத் தொடர்பைக் கண்ணில் படாமல் போக முடியாதபடி சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிக்கக்கூடாது. காணொளி என்றால் எழுத்தில் மட்டும் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும். நேரலையில் அடையாளம் தொடர்ந்து தெரிய வேண்டும். ஆதாயம் என்பதில் பணம் மட்டுமல்லாமல் இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், விடுதியில் தங்கல், குடும்ப உறவு, வேலை உறவு எல்லாம் அடங்கும். ஏற்காட்டில் இரண்டு இரவு வாடகையில்லாமல் தங்கிவிட்டு அந்த விடுதியைப் புகழ்ந்து ரீல் போடுபவருக்கும் இது பொருந்தும்.

அந்த வழிகாட்டி ஏற்றுக்கொண்ட ஆங்கிலச் சொற்களில் ‘கொலாபரேஷன்’ என்பதும் ஒன்று. அது தவறான சலுகை என்பது என் கருத்து. 2022ஆம் ஆண்டு விளம்பர நெறிமுறைகள், பொறுப்புத் துறப்பு வாசகம் (டிஸ்கிளைமர்) விளம்பரக் கூற்று இருக்கும் மொழியிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. புகழ்ச்சி தமிழில் என்றால் அடையாளமும் தமிழில்தானே இருக்க வேண்டும்?

சில எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். இளம்பிள்ளையில் தறிக்காரர் தம் சேலையைத் தாமே கைப்பேசியில் படம்பிடித்து விற்பது கொலாப் ஆகாது. அது அவர் கடை, அவர் சரக்கு. பார்ப்பவருக்கும் அது தெரியும். இடைத்தரகு அதிகம் எடுக்கப்படும் தொழிலில் நெசவாளருக்கு நேரடி வாடிக்கையாளர் கிடைத்தது நல்ல செய்தி, அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். தன் காசில் கொலுசு வாங்கி, எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை), எத்தனை கிராம், கூலி எவ்வளவு என்று சொல்பவர் செய்வது மதிப்புரை. ‘பயோவில் இருக்கும் லிங்க்கை அழுத்தி வாங்குங்கள்’ என்று சொல்லி, விற்பனைக்கு ஏற்பப் பங்கு பெறுவதற்கு சேலம் லீ பஜார் மண்டிகளில் பழகிய சொல்லே போதும்: தரகு. மண்டியில் தரகர் தன்னைத் தரகர் என்றே சொல்லிக்கொள்கிறார், அதில் அவருக்கு ஒரு குறைவும் இல்லை.

எனவே பொதுச்சொல் ‘விளம்பரம்’. விரிவாகச் சொல்ல விரும்பினால் ‘பணம் பெற்ற விளம்பரம்’, ‘இலவசமாகப் பெற்ற பொருள்’, ‘இந்த இணைப்பில் எனக்குத் தரகு உண்டு’. காணொளியில் வாயால் சொல்வதற்கு இப்படி ஒரு வரி போதும்: “வணக்கம், இது விளம்பரம். இந்த விடுதியில் என்னை இலவசமாகத் தங்க வைத்தார்கள்.” சில விநாடிகள்தான் ஆகும். இப்படிச் சொல்லாமல் ஏமாற்றியதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். காணொளியின் இணைப்பு, திரைப்பிடிப்பு, பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள்.