டிராக்னா இழுவை இல்லைங்க, நீர்த்தடை

போன வாரத்துல மட்டும் மூணு தடவை கேட்டுட்டேன், "கல்லுக்கு இழுவை விசையைக் கூட்டவும்"னு. அனிமேஷன் கத்துக்குடுக்கிற ஒரு தமிழ் வீடியோவுல வர்ற வரி, டிராக் (drag)ங்கிற இங்கிலீஷ் சொல்லைத்தான் இழுவைன்னு மாத்திருக்காங்க. கொடைக்கானல்ல என்கிட்ட வேலை பழகுற தம்பி அதைப் பாத்துட்டு, ஏரிக்குள்ள ரெண்டு பாறாங்கல் முங்குற ஷாட்டுல கல்லைக் கீழ இழுக்கிற மாதிரி ஒரு விசையைச் சேத்து வச்சிருந்தான். ரெண்டும் குண்டு கணக்கா அடியில போய் மோதி பந்தா எகிறுது. அவனைத் திட்ட எனக்கு மனசு வரல, இழுவைன்னு சொன்னா யாரா இருந்தாலும் இழுக்கத்தானே செய்வாங்க.

இங்கிலீஷ்ல டிராக்னா இழுக்கிறது, இழுக்கிறதுக்குச் சொல்ற டிரா (draw)ங்கிற சொல்லுக்குச் சொந்தக்காரச் சொல். தண்ணியிலயோ காத்துலயோ போற பொருளைப் போகவிடாம பிடிச்சு வைக்கிற விசைக்கும் பின்னாடி அதே பேர் வந்துருச்சு, அவ்வளவுதான். டிராக்னே எழுதிட்டுப் போயிரலாமேன்னு கேட்டா, ஆடியோ டிராக்குக்கும் தமிழ்ல அதே எழுத்துதான், மௌஸை வச்சு நகத்துறதும் டிராக்குதான், மூணையும் ஒரே பாடத்துல போட்டா படிக்கிறவன் என்ன பண்ணுவான்.

இழுவையை நான் ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறேன்னா, எங்க மலையடிவாரத்துல பழனியில இழுவை ரயில் இருக்கு, கம்பி வடத்தைக் கட்டி ஆளை மேல கொண்டுபோய்ச் சேக்குறது, இந்தப் பக்கத்து ஜனத்துக்கு இழுவைன்னாலே அதான். பள்ளிக்கூடப் புத்தகத்துல கயித்துல இருக்கிற விசைக்கு இழுவிசைன்னு பேர், அதுக்குப் பக்கத்துலயே இழுவை விசைன்னு இன்னொண்ணை வச்சா நடுவுல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இதையெல்லாம் விட முக்கியமா, கும்பக்கரை அருவியில மழைக்காலத்துல எறங்கப் போனா "தண்ணி இழுத்துட்டுப் போயிரும்டா"ன்னு பெரியவங்க சத்தம் போடுவாங்க. தமிழ்ல தண்ணி இழுக்குதுன்னா தன்கூட அடிச்சுட்டுப் போகுதுன்னு அர்த்தம். நாம சொல்ல வர்றதோ நேர் எதிரு, தண்ணி போகவிட மாட்டேங்குது! சிலர் பின்னிழுவைன்னு ஒட்டுப்போட்டுப் பாக்குறாங்க, அதுவும் சரிப்படல, நின்ன தண்ணி எதையும் பின்னாடி இழுக்கிறது இல்ல, வழிய மறிக்குது, பொருள் நின்னுட்டா அந்த விசையும் அங்கேயே காணாமப் போயிரும்.

மறிக்கிறதுக்குத் தமிழ்ல தடு இருக்கு, அதுல பொறந்தது தடை. காற்றுத்தடை, மின்தடை, தடையுறு அலைவுன்னு பாடப்புத்தகத்துல ஏற்கெனவே வரிசையா இருக்கு. அப்ப தண்ணிக்கு நீர்த்தடை, தண்ணி, காத்து எல்லாத்துக்கும் பொதுவாச் சொல்லணும்னா பாய்மத்தடை. தடைன்னா அரசாங்கத் தடை உத்தரவு ஞாபகம் வருதுன்னு ஒருத்தர் சொன்னார், மின்தடைன்னு சொல்லும்போது வராத ஞாபகம் இதுக்கு மட்டும் எப்படிங்க வரும்?

சொல் சரியா இருந்தா கணக்கும் தானா புரியும். வேகம் ரெட்டிப்பானா நீர்த்தடை நாலு மடங்கு. தண்ணி காத்தை விட சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதனால 10 சென்டிமீட்டர் உருண்டைக் கருங்கல் ஒண்ணு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் எறங்குறதுக்குள்ள வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேகத்துக்கு வந்து, அதுக்கு மேல ஏறாம அப்படியே போகும், அதான் முற்றுத்திசைவேகம். கல்லோட எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல தண்ணியே தாங்கிக்கும், இரும்புன்னா எட்டுல ஒரு பங்குதான், அதனாலதான் ஒரே அளவு இரும்பும் கல்லும் ஒரே மாதிரி முங்குறதாக் காட்டினா கண்ணுக்குப் பொய்யாத் தெரியுது.

தம்பியைக் கூட்டிட்டுப் போய் வீட்டுத் தண்ணித் தொட்டியில கையை விடச் சொன்னேன். ரெண்டு கையிலயும் ஒரு கல்லு, உள்ளயே வேகமா மோத விடணும். கல்லும் கல்லும் தொடுறதுக்கு முன்னாடியே நடுவுல இருக்கிற தண்ணி விரல் இடுக்கு வழியா பீச்சிட்டு ஓடுது, அதுக்குள்ளயே பாதி வேகம் செத்துருது. டொக்குனு ஒரு சத்தம், எகிறல் ரொம்பக் கம்மி. கையை எடுத்துட்டு அவன் சொன்னது, "அண்ணே, தண்ணி தடுக்குதுண்ணே." இழுக்குதுன்னு அவன் வாயில வரவே இல்ல.

மொழிபெயர்க்கிறவங்க மேல எனக்கு இருக்கிற கோபம் இதுதான், அகராதியில மொத வரியில இருக்கிறதை எடுத்துப் போட்டுட்டுப் போயிடுறாங்க. இதே வீடியோவுல டேம்பிங்குக்கு ஈரப்படுத்தல்னு போட்டிருக்கு. ஆட்டத்தைத் தணிக்கிறதுக்கும் ஈரத்துக்கும் என்ன சம்பந்தம், தணிப்புன்னு எழுத எவ்வளவு நேரம் ஆகும். பிளெண்டர்ங்கிற அனிமேஷன் மென்பொருள்ல டிராக் புலத்துல, அதாவது இந்த விசையைப் பொருள் மேல போடுற அமைப்புல, வேகத்தோட நேரா ஏறுறது ஒண்ணு, வேகத்தோட வர்க்கமா ஏறுறது ஒண்ணுன்னு ரெண்டு அளவு இருக்கு, பாறாங்கல்லுக்கு ரெண்டாவதைத்தான் கூட்டணும். இழுவைன்னு படிச்சவனுக்கு எதைக் கூட்டணும், கூட்டினா கல்லு வேகமாப் போகுமா மெதுவாப் போகுமான்னே பிடிபடாது.

நேத்து அந்த ஷாட்டை மறுபடி பண்ணினோம். ரெண்டு கல்லும் நிதானமா எறங்கி, உரசுற மாதிரி மோதி, லேசா விலகி அடியில உக்காந்துச்சு, சேறு அப்புறமா மெல்லக் கிளம்புச்சு. அந்தப் புலத்தோட பேரை நான் சொல்லாமலே அவன் நீர்த்தடைன்னு மாத்தி வச்சிருந்தான்.