காந்தத்துக்குப் பிடிபடாத நிக்கல்–இரும்பு: இன்கோனெல் 718

இரும்பில் காந்தம் ஒட்டும், நிக்கலிலும் ஒட்டும். ஜெட் எஞ்சினின் டர்பைன் வட்டுகளுக்குப் பயன்படும் இன்கோனெல் 718 என்ற கலப்பு உலோகத்தில் நிக்கல் 50 முதல் 55 சதவீதம், இரும்பு சுமார் 18 சதவீதம். ஆனாலும் காந்தம் ஒட்டுவதில்லை. கூடவே சேர்க்கும் 17–21 சதவீதக் குரோமியம்தான் முக்கியக் காரணம். தூய நிக்கல் ஏறக்குறைய 358 டிகிரி செல்சியஸில்தான் காந்தத்தன்மையை இழக்கும். குரோமியம் கலக்கக் கலக்க அந்த எல்லை இறங்கி, 718-இல் மைனஸ் 100-க்கும் கீழே போய்விடுகிறது.

பட்டறையில் இதன் விளைவு உடனே தெரியும். கிரைண்டரில் காந்தத்தால் பிடிக்கும் மேக்னடிக் சக், ஜாபை (வேலைத்துண்டை)ப் பிடிக்காது, வைஸில்தான் இறுக்க வேண்டும். வெடிப்பைக் கண்டுபிடிக்கக் காந்தத்துகள் சோதனை உதவாது. ஒளிரும் சாயத்தை ஊடுருவவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதே குரோமியம் மேற்பரப்பில் ஆக்சைடு படலமாகி அரிப்பைத் தடுக்கிறது. உப்புநீரில் குழி விழாமல் காப்பதில் 3 சதவீத மாலிப்டினத்துக்கும் பங்குண்டு. 718 மேல் செந்துரு தெரிந்தால் உலோகத்தைச் சந்தேகிக்கும் முன், இரும்புக் கம்பி பிரஷ் எதுவும் பட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது விட்டுச்சென்ற துகள்தான் துருப்பிடித்திருக்கும்.

வலிமைக்கு இதில் கலந்துள்ள நயோபியம் என்ற உலோகம் பொறுப்பு. 980 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் குளிரவிட்டு, 720-இல் 8 மணி நேரம், மணிக்கு 55 டிகிரி வீதம் 620-க்கு இறக்கி மேலும் 8 மணி நேரம் வைத்தால், நிக்கலும் நயோபியமும் சேர்ந்து நுண்தட்டுகளாகப் பிரியும். கடினம் 40 ராக்வெல் சி அளவைத் தாண்டலாம். அப்போது 100 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 0.08 மி.மீ. சுருங்கும். அதனால் ரஃபிங்கை (முதல் கட்ட முரட்டு வெட்டை) முன்பே முடித்து, ஃபினிஷிங்குக்கு (இறுதி அளவு வெட்டுக்கு) மெட்டீரியல் விட்டுவைப்பது நல்லது.

கடைசலில்தான் உண்மையான சிரமம். வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதாரண எஃகில் கால் பங்கு அளவே என்பதால், சூடு வெட்டி வரும் சிப்போடு போகாமல் டூல் முனையிலேயே தேங்கும். வெட்டிய மேற்பரப்பும் உடனே இறுகிவிடும். அடுத்த பாஸில் (அடுத்த முறை வெட்டும்போது) அந்த இறுகிய தோல் உரசும் இடத்தில், அதாவது வெட்டு ஆழக் கோட்டில், இன்சர்ட்டில் (டூலில் மாட்டும் வெட்டுமுனைத் துண்டில்) பள்ளம் விழும். ஒவ்வொரு பாஸிலும் ஆழத்தை மாற்றினால் தேய்மானம் ஒரே இடத்தில் குவியாது. வட்ட இன்சர்ட் இன்னும் நல்லது. கார்பைடு இன்சர்ட்டில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30–40 மீட்டர், ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) 0.15 மி.மீ.க்குக் குறையாமல் தொடங்கலாம். பயந்து ஃபீடைக் குறைத்தால் டூல் வெட்டாமல் தேய்க்கும், மேற்பரப்பு மேலும் இறுகும். ஃபீடை நிறுத்திவிட்டு சுழலும் ஜாபின் மேல் டூலை உரசியபடி நிற்கவிடவே கூடாது. கடைசிப் பாஸுக்குப் புது முனை போடுங்கள். மழுங்கிய முனை விட்டுச்செல்லும் இழுவிசைத் தகைவு, சுழலும் வட்டில் களைப்பு வெடிப்புக்கு (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் வெடிப்புக்கு) இடம் கொடுக்கும்.